கைமாற்று

புருஷன் கடைவாசலில் கால் வைத்ததும் இறந்துபோன மனைவி தலைநிமிர்ந்து "வந்திட்டியளா?" என்று கேட்பதற்கு விலை, மாதம் நாலாயிரத்து இருநூறு ரூபாய், வரி தனி. கம்பெனி முதலில் ஐயாயிரம்தான் சொன்னது. தவசிக்கனி பேசிப் பேசி எண்ணூறைக் குறைத்தார். அதற்காக அவர் வெட்கப்பட்டதில்லை. சொன்ன விலைக்கே வாங்கியிருந்தால், "ஏமாந்திட்டு வந்து நிக்கியளே" என்று சொர்ணக்கிளியே தலையில் அடித்துக்கொண்டிருப்பாள்.

தூத்துக்குடியின் கரையோரத் தெருக்களைக் கடல் எடுத்துக்கொண்டபோது சுங்கக்கடைத் தெருவும் போனது. ஒரேயடியாகப் போகவில்லை, நல்ல வியாபாரி போலக் கடல் தவணை முறையில் வாங்கியது. முதலில் குடோன்கள், பிறகு படிகள், பிறகு கல்லாப்பெட்டியின் உயரம். வியாபாரிகள் கோவில்பட்டிப் பக்கம் மேட்டுநிலம் பார்த்து ஏறினார்கள். தராசு வந்தது, பெயர்ப்பலகை வந்தது, சாமி படம் வந்தது. தெருவை மட்டும் லாரியில் ஏற்ற முடியவில்லை.

அதனால் வியாபாரிகள் சங்கம், கிளம்புமுன்பே கயிற்றுக்கடைக்காரர் மகள் மெட்டில்டாவைக் கூப்பிட்டது. அவள் கம்ப்யூட்டர் படித்தவள். தெரு முழுகுவதற்கு முந்தின கோடையில் கடை கடையாக ஏறி இறங்கினாள். சுவர்களைப் படம் எடுத்தாள், குரல்களைப் பிடித்தாள், கருவாட்டுக்கடை வாசலில் ஒரு கருவியோடு நின்று வாசனையைக்கூடப் பிடித்தாள். எல்லாவற்றையும் கணினிக்குள் அடுக்கி வைத்தாள். இப்போது கோவில்பட்டிச் சங்கக் கட்டடத்து மூன்றாவது மாடியில் வரிசையாகச் சாய்வு நாற்காலிகள். கண்ணாடியை மாட்டி, கையுறையைப் போட்டுச் சாய்ந்தால் சுங்கக்கடைத் தெரு. வெயில், இரைச்சல், மாடு, எல்லாம் இருந்த இடத்தில். வீட்டில் சொல்லிவிட்டு வரும்போது, "தெருவுக்குப் போயிட்டு வாரேன்" என்றுதான் சொல்வார்கள். வேறு பெயர் வைக்க யாருக்கும் தோன்றவில்லை.

சொர்ணக்கிளி கோவில்பட்டிக்கு வந்த மூன்றாம் வருஷம் காய்ச்சலில் போய்விட்டாள். தெருவில் அவளுக்கு இன்னும் நாற்பத்திரண்டு வயது. கொண்டையில் பென்சில் செருகியிருப்பாள். தவசிக்கனிக்கு அறுபத்தொன்பது. சாயங்காலம் நாற்காலியில் சாய்ந்து, தெருமுனையில் டீ குடித்து, தன் பழைய இரும்புக்கடைக்கு நடந்தால் அவள் கேட்பாள்: "வந்திட்டியளா? ஆணி மூடையத் தள்ளிப் போடச் சொன்னனே, காதுல விழலியா?" அவர் கல்லாவுக்குள் புகுந்து, அதே ஆணி மூட்டைமேல் ஒரு மணிநேரம் உட்கார்ந்திருப்பார். பேச்சு ஒன்றும் பெரிதாக இராது. கணவனும் மனைவியும் கடையில் உட்கார்ந்து என்னத்தைப் பேசப்போகிறார்கள்?

இந்த நிலையில்தான், தெருவைத் தன் கணினிகளில் வாடகைக்கு வைத்திருந்த கம்பெனி கட்டண முறையை மாற்றியது. இனிமேல் இடத்துக்குக் காசில்லையாம். டேபிள் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசாம்.

சங்கக் கூட்டம் கூடியது. தலைவர் செய்யது மீரான், படச்சட்டமும் கண்ணாடியும் விற்றவர். தெருவில் தவசிக்கனிக்கு எதிர்க்கடை. முப்பது வருஷம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து, ஒருவர் கடைக்கு வந்த ஆளை இன்னொருவர் எண்ணிப் பழகியவர்கள். தவசிக்கனி பொருளாளர்.

"டேபிள்னா என்ன எழவும்மா அது?" என்றார் மீரான்.

மெட்டில்டாவுக்கு இப்போது ஐம்பது நெருங்குகிறது. மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுச் சொன்னாள்: "தெரு முழுக்க டேபிள் டேபிளாத்தான் மாமா இருக்கு. கட்டம் போட்ட நோட்டுன்னு வச்சுக்கிடுங்க. கடைகளுக்கு ஒண்ணு, ஆளுகளுக்கு ஒண்ணு, கொரலுக்கு ஒண்ணு, வாசனைக்கு ஒண்ணு. ஒரு நோட்டுல இருக்கது இன்னொரு நோட்டத் தொட்டுக்கிட்டு நிக்கும். அப்படித் தொட்டாத்தான் இந்தக் கொரலு இந்த ஆளுக்குன்னு தெரியும்."

"சுமைகூலி மூடைக்கு இம்புட்டுன்னு சொன்னா நாம என்ன செய்வோம்? மூடையப் பெருசாக் கட்டுவோம்லா? எல்லாத்தையும் ஒரே டேபிளாத் தைச்சிரு" என்றார் மீரான்.

"தைச்சா ஒங்க கொரல்ல மாடு பேசும் மாமா."

"இப்ப மட்டும் என்ன வித்தியாசமாம்?" என்றார் தவசிக்கனி. கூட்டம் சிரித்தது. மீரான் சிரிக்காமல் பார்த்தார்; அதுதான் அவர் சிரிப்பு.

"மொதல்ல சரக்கு என்ன இருக்குன்னு பாப்போம். மொத்தத்தையும் வரிசையாக் காட்டு" என்றார் தவசிக்கனி. புதுக் கடையை விலைக்குப் பேசும்போது உள்ளிருக்கும் சரக்கைக் கேட்கிற அதே தொனி.

மெட்டில்டா ஒரே ஒரு வரி தட்டினாள். சுவரில் பெயர்கள் இறங்கின. ஒரு தெரு வெறும் பெயர்களாக நிற்பதை அவர்கள் அன்றுதான் பார்த்தார்கள். கடைகள். ஆட்கள். குரல்கள். வாசனைகள். விலைகள். வெயில். மழை. மாடுகள். நாய்கள். ஈக்கள். சுவரொட்டிகள். கோயில் மணி. பாங்கு. மாதா கோயில் மணி. மின்வெட்டு. கட்சி ஊர்வலம். வரி அதிகாரிகள். இன்னும் இறங்கின. மொத்தம் முப்பத்தொன்று. சங்கத்தின் கையில் இருந்த காசுக்கு இருபத்தைந்து தாங்கும். ஆறு போகவேண்டும்.

வரி அதிகாரிகள் முதலில் போனார்கள். அந்தத் தீர்மானத்துக்குத்தான் சங்க வரலாற்றிலேயே எல்லாரும் ஒருமனதாகக் கைதூக்கினார்கள். ஈக்கள் போயின. கட்சி ஊர்வலம் போனது. "மின்வெட்டயும் எடுத்திரும்மா, இருட்டுக்கு எதுக்குக் காசு?" என்று ஒருவர் சொன்னதும் நாலைந்து பேர் எழுந்துவிட்டார்கள். கரண்டு போனால்தானே எல்லாரும் கடையைவிட்டு வெளியே வந்து தெருவில் நிற்பார்கள்? விசிறிக்கொண்டு, அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு, ஒருத்தன் வாங்கிய பொரிகடலையை எல்லாரும் தின்றுகொண்டு. அதைப் போய் எடுப்பதா? மின்வெட்டு தங்கியது. அதற்குப் பதில் நாய்கள் போயின; சுவரொட்டிகள் போயின. சுவரொட்டிக்காக ஒருவர் கண் கலங்கினார். ஏனென்று சொல்லவில்லை, யாரும் கேட்கவுமில்லை.

இன்னும் ஒன்று பாக்கி. பட்டியலின் கீழே, கண்ணில் படாத இடத்தில், ஒரு பெயர் இருந்தது: கைமாற்று.

"இது எதுக்கு இங்கன கெடக்கு?" என்றார் தவசிக்கனி.

கடன் வேறு, கைமாற்று வேறு. கடனுக்கு வட்டி உண்டு, காகிதம் உண்டு, கோர்ட்டு உண்டு. கைமாற்றுக்கு வாய்தான். பக்கத்துக் கடைக்குச் சில்லறை, ஒரு ஏணி, எடைக்கல்லில் ஒன்று குறைந்தால் ஒரு எடைக்கல், சாப்பிட்டு வரும்வரை கடைக்குக் காவலாக ஒரு ஆள். அதை எழுதி வைப்பது, கொடுத்தவனை அவமதிப்பதற்குச் சமம். சுங்கக்கடைத் தெருவில் யாரும் எழுதியதில்லை.

"கடை கடையா வந்தப்ப ஒவ்வொருத்தரும் சொன்னத எழுதினேன் மாமா. எதுலயோ கோத்து வச்சேன். எதுலன்னு பாக்கணும். பட்டியல்ல பேருதான் வரும்; எது எதோட கைகோத்து நிக்குன்னு பட்டியல் சொல்லாது. ரெண்டு வாரம் குடுங்க, துப்புத் துலக்கிச் சொல்லுதேன்."

"ரெண்டு வாரத்துக்குக் கூலி?"

அவள் தொகையைச் சொன்னாள். தவசிக்கனி, புளித்த மோரைக் குடித்தவர் போல முகத்தை வைத்துக்கொண்டார். அந்த முகம் அவருடைய முதலீடு. ஆயுள் முழுக்க லாபம் கொடுத்தது.

"எம்மா, பேரப் பாத்தாலே வெளங்குதே. கண்ணுக்குத் தெரியாத சரக்கு. வாசனையா, சத்தமா, ஒண்ணும் இல்ல. எங்கப்பன் ஒங்கப்பன்ட்ட வாங்கிட்டுக் குடுக்காத கதை. அதுக்கு மாசாமாசம் வாடகை கட்டணுமாக்கும்? நான் யாருட்டயும் கைமாத்து வாங்கினவன் இல்ல. எம்பேரு அதுல இருக்கவே இருக்காது."

கூட்டத்தில் பலருக்கு உள்ளூர நிம்மதி. அப்பா வாங்கித் திருப்பாததெல்லாம் ஒரே கைதூக்கலில் தீர்கிறதென்றால் யாருக்குக் கசக்கும்? மீரான்தான் மற்ற எல்லாரையும்விட உயரமாகக் கையைத் தூக்கினார்.

"ஒரு நகல் எடுத்து வச்சுக்கிடட்டுமா?" என்றாள் மெட்டில்டா. "நகலுக்குத் தனிக் காசு கேப்பான்."

"அப்ப எடுக்காண்டாம்" என்றார் பொருளாளர்.

மறுநாள் சாயங்காலம் அவர் தெருவுக்குப் போனார். டீக்கடை வாசனை இருந்தது. வெயில் அதே சாய்வில் விழுந்தது. ஈ இல்லை, சுகமாகத்தான் இருந்தது. கொஞ்ச தூரம் நடந்தபிறகுதான் என்னவோ போல் பட்டது. யாரும் யாரோடும் பேசவில்லை. வாங்க வந்தவனிடம் விலை சொன்னார்கள், சரக்கைக் கட்டினார்கள், காசை எண்ணினார்கள். அவன் போனதும் நேராகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்கள். பக்கத்துக் கடைக்காரன் பக்கம் ஒரு தலையும் திரும்பவில்லை. கரண்டு போனது. ஒருவரும் வெளியே வரவில்லை. கடைகளுக்குள் இருட்டில், துணிக்கடைப் பொம்மைகள் போல அப்படியே இருந்தார்கள்.

தவசிக்கனி தன் கடைக்கு ஓடினார். சொர்ணக்கிளி தலைநிமிர்ந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. என்ன வேணும்?"

தூத்துக்குடியில் கடைக்கு வருகிற எந்த ஆம்பிளையும் அண்ணாச்சிதான். இருபத்திரண்டு வருஷம் குடும்பம் நடத்திய புருஷனை ஒருத்தி அண்ணாச்சி என்று கூப்பிட்டால் அது எப்படி இருக்கும் என்பதற்கு மட்டும் தமிழில் சொல் கிடையாது.

"ஏய், நான்தான்."

"எந்த நான்?"

"ஒம் புருசன்."

அவள் எழுந்தாள். குரல் உயரவில்லை. "கடப்பாரை கிலோ என்ன வெலைன்னு தெரியுமா அண்ணாச்சி? கடைக்கு வந்த எடத்துல இப்படிப் பேசினா, வெலையில்லாம தலைக்கே வந்து சேரும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். மெட்டில்டா ஏற்கெனவே திரைமுன் உட்கார்ந்து, மிச்ச டேபிள்களைத் துழாவி, இரண்டு வாரத்தில் பார்க்க வேண்டியதை ஒரே பகலில் பார்த்து முடித்திருந்தாள். கூலி கேட்கவில்லை.

"ஆளுகள ஆளுகளோட கோத்தது அதுலதான் மாமா."

"கைமாத்துலயா? வேற எதுவும் கெடைக்கலியா ஒனக்கு?"

"உறவுக்குன்னு ஒரு டேபிள் போடுவோம்னு அன்னைக்கே கேட்டேன். யாரு பொண்டாட்டி, யாரு மச்சான், யாரு பங்காளி, சொல்லுங்க எழுதிக்கிடுதேன்னு. சங்கத்துல என்ன சத்தம் போட்டிய! 'எழுதினா நாளைக்குச் சொத்து வழக்குல சாட்சியாயிரும், கூடவே கூடாது'ன்னு மேசையத் தட்டினது யாரு?"

தவசிக்கனிக்கு நினைவிருந்தது. மேசையைத் தட்டியது மீரான். பக்கத்தில் இருந்த நாற்காலியைத் தட்டியது அவர்.

"அப்ப எனக்குக் கெடைச்சது இது ஒண்ணுதான். எழுதலாமான்னு கேட்டா யாரும் பயப்படல. 'அவன் ஏணி வாங்கினான், இவன் சில்லறை வாங்கினான்'னு சிரிச்சிக்கிட்டே சொன்னாங்க. சரி, ஒருத்தருக்கொருத்தர் ஏதாவது தரவேண்டியிருந்தா அவங்க தெரிஞ்சவங்கன்னு வச்சேன். திருப்பிக் குடுத்துட்டா வரி மூடிரும். மூடாத வரிதான் கை. அதைத்தான் புடிச்சிக்கிட்டு நின்னாங்க எல்லாரும்."

"நான் யாருட்டயும் ஒண்ணும் வாங்கலியே. அப்புறம் அவ எப்படி என்னைக் கண்டுக்கிட்டா?"

மெட்டில்டா மூக்குக்கண்ணாடியைத் துடைத்தாள். தேவைக்கு அதிக நேரம் துடைத்தாள். "நீங்க வாங்கல. அத்தைதான் வாங்கியிருந்தாங்க, ஒங்ககிட்ட. கடைக்கு வந்தப்ப அவங்களே ஒரு வரி எழுதச் சொன்னாங்க. என்ன வாங்கினாங்கன்னு ஞாபகம் இல்ல மாமா. நாலாயிரம் வரி எழுதினேன் அந்தக் கோடையில. ஒண்ணு மட்டும் மறக்கல. 'எப்ப அத்தை திருப்பிக் குடுப்பிய?'ன்னு கேட்டேன். 'குடுக்க மாட்டேன், அப்படியே கெடக்கட்டும்'னாங்க."

பத்தொன்பது வருஷம் அந்த வரி அங்கே கிடந்தது. ஒரு தடவை திறந்து பார்க்கச் சொல்லியிருந்தால் என்னவென்று தெரிந்திருக்கும். திறக்கச் சொல்லவில்லை. நகலுக்குக் காசு கேட்பான் என்றதும் வேண்டாமென்று சொன்ன வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சங்கம் மறுபடி கூடியது. இந்தத் தடவை சத்தமில்லை. ஒவ்வொருவரும் தெருவுக்குப் போய், தன் தகப்பனிடமோ கூட்டாளியிடமோ விலை கேட்டுத் திரும்பியவர்கள். கோயில் மணியை எடுத்துவிட்டுக் கைமாற்றுக்கு இடம் ஒதுக்கினார்கள். மணிக்கு வாதாட ஒருவரும் எழவில்லை. மெட்டில்டா வெறும் டேபிளைப் போட்டு வைத்துச் சொன்னாள்:

"நினைவுல இருக்கத சொல்லுங்க. எழுதிக்கிடுதேன்."

அடுத்த நொடி மண்டபம் சந்தையானது. "எழுது, நான் குடுத்தது..." "எங்கப்பா குடுத்தது..." "ஆயிரம் ரூவா சில்லறை, வெள்ளிக்கிழமை..." கொடுத்தது எல்லாருக்கும் பைசா சுத்தமாக நினைவிருந்தது. வாங்கியவர் ஒருவர்கூட இல்லை.

மெட்டில்டா கையைத் திரையிலிருந்து எடுத்துவிட்டாள். "குடுத்தேன்னு சொல்லுதவங்க பேச்சு எடுபடாது. வாங்கினேன்னு சொல்லுதவங்க மட்டும் வாங்க. அதுவும் நெசமா வாங்கினது."

ஒவ்வொருவரும் பக்கத்து நாற்காலியைப் பார்த்தார்கள். கடைசியில் தலைவர்தான் எழுந்தார்.

"தவசி, ஒம்ம ஏணி."

"எந்த ஏணி?"

"சித்திரை மாசம் ஒண்ணு காணாமப் போச்சுன்னு தெருவெல்லாம் தேடினீரே, சவுக்குக்கட்டை ஏணி. நானும் கூட வந்து தேடினேன்லா."

"ஆமா?"

"நான்தான் வாங்கினேன். நீரு இல்லாதப்ப வாங்கினேன். திருப்பிக் குடுக்க வாரதுக்குள்ள ஒரு ஆளு நல்ல வெல கேட்டான். வித்துட்டேன் வே."

மண்டபம் அதிர்ந்தது. தவசிக்கனி எழுந்து, "அடப் பாவி! எவ்வளவுக்கு வே வித்தீரு?" என்றார். விலையைக் கேட்டபிறகு அவர் கோபம் கொஞ்சம் இறங்கியது, நல்ல விலைதான். அதன்பிறகு யாரையும் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. வரிசை கட்டி வந்து நின்றார்கள். எடைக்கல், எண்ணெய்ப்புனல், மழைக்கு மூடப் படுதா, கல்யாணத்துக்குக் கட்ட ஒரு கைக்கடிகாரம். ஒருவர் பக்கத்துக் கடைக்காரரின் கையெழுத்தையே கைமாற்றாக வாங்கியிருந்தார்; அதற்குமேல் விவரம் சொல்ல மறுத்துவிட்டார்.

மறுநாள் மீரான் தெருவிலிருந்து திரும்பியபோது கண் சிவந்திருந்தது. "எங்க வாப்பா கண்டுக்கிட்டாரு வே. ஏறினதும் ஏறாததுமா 'கல்லாவுல எடுத்த அம்பது எங்கல?'ன்னு கேட்டாரு" என்றார். தெரு மெல்ல மெல்லத் தலை திருப்பியது. கரண்டு போனபோது பாதிக் கடை வெளியே வந்து நின்றது.

சொர்ணக்கிளி மட்டும் அண்ணாச்சி என்றாள். தான் வாங்கியதைச் சொல்ல அவள் உயிரோடு இல்லை, அவர் அவளிடம் வாங்கியதோ ஒன்றுமில்லை.

மனைவியின் தகரப்பெட்டியிலிருந்து சில்லறை எடுத்தால், விளக்கு வைப்பதற்குள் திருப்பி வைத்துவிடுகிற புருஷன் அவர். பைசா பாக்கி வைத்ததில்லை. அதில் அவருக்கு ஒரு பெருமை இருந்தது. வெளியூர் சம்பந்திகளிடம்கூடச் சொல்லியிருக்கிறார்.

"சும்மா ஒரு வரி நானே எழுதிரட்டுமா மாமா?" என்று மெட்டில்டா மெதுவாகக் கேட்டாள். "யாருக்குத் தெரியப்போவுது?"

அவர் மறுத்துத் தலையாட்டினார். "வேண்டாம்மா. வாங்காததை வாங்கினேன்னு எழுதினா, அவ என்னைக் கள்ளக் கணக்குக்காரன்னுதான் கண்டுக்கிடுவா. அதுக்கு அண்ணாச்சியே தேவல."

அப்படியென்றால் வழி ஒன்றுதான். போய்க் கைமாற்று வாங்க வேண்டும். புது டேபிளில் தெருவுக்குள் நடக்கிற கைமாற்றும் தானாக ஏறும். ஆனால் வரி இல்லாத ஆளை அவள் ஒரு நாளிலிருந்து மறுநாளுக்கு நினைவு வைக்க மாட்டாள். தினமும் புது ஆள். முன்பின் தெரியாதவனுக்குச் சொர்ணக்கிளி கைமாற்றுக் கொடுத்ததாக வரலாறு கிடையாது.

தெருவுக்குள் போகிற எல்லாருடைய சட்டைப்பையிலும் ஐந்நூறு ரூபாய் இருக்கும். அது மெட்டில்டாவின் ஏற்பாடு. முதல் நாள் அவர் காசை வழியிலேயே தொலைத்துவிட்டுப் போய், ஒரு பூட்டை எடுத்துக்கொண்டு, பர்ஸ் மறந்துவிட்டது என்றார். அவள் பூட்டை அவர் கையிலிருந்து வாங்கித் துடைத்து அலமாரியில் வைத்தாள். இன்னொரு நாள் பேத்திக்கு உடம்பு சரியில்லை என்று அழுகிற மாதிரி முகத்தை வைத்துக்கொண்டார்.

"பேத்திக்குப் பூட்டா போடப்போறிய?" என்றாள்.

வேறொரு நாள், "புது ஆளுக்குக் கைமாத்துக் கெடையாது அண்ணாச்சி. எங்க வீட்டுக்காரரு ஒத்த ரூவா விடமாட்டாரு" என்றாள். அது அவள் உயிரோடு இருந்தபோது எல்லாரிடமும் சொல்வதுதான். குரல்கள் டேபிளில் அப்படியே இருந்தது. கல்லாவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்க வேறு மாதிரி இருந்தது.

"நல்ல மனுசனா?" என்று கேட்டார் தவசிக்கனி.

அவள் யோசித்தாள். "கணக்குல நல்ல மனுசன்."

அன்று அவர் டீ குடிக்காமல் வீட்டுக்குப் போனார்.

நாளாக நாளாகத் தந்திரங்கள் தீர்ந்துபோயின. ஆனாலும் போனார். பூட்டு விலை கேட்பார், அவள் சொல்வாள், அவர் பாதி கேட்பார், சண்டை தொடங்கும். அவளோடு இருபத்திரண்டு வருஷம் கல்லாவுக்கு ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்ததில், எதிர்ப்பக்கத்திலிருந்து அவளைப் பார்த்ததே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது. விலை சொல்லும்போது அவள் இடது புருவம் லேசாக ஏறும். குறைக்கப்போகிறாள் என்றால் பென்சிலைக் கொண்டையிலிருந்து எடுப்பாள். எழுத அல்ல, சும்மா. வாங்க வந்தவன் நடையைக் கட்டினால் கூப்பிடமாட்டாள். சரக்கைத் துடைக்கத் தொடங்குவாள், அவனே திரும்பி வந்துவிடுவான். இவளிடம் எத்தனை பேர் தோற்றிருக்கிறார்கள்! அந்த லாபத்தையெல்லாம் தன் சாமர்த்தியம் என்று நினைத்துக் கணக்கில் ஏற்றிக்கொண்டவர் அவர்.

ஒரு சாயங்காலம் அவளிடம் ஜெயித்தே தீருவது என்று இறங்கினார். கைமாற்று மறந்துபோனது, வந்த காரியம் மறந்துபோனது. அவள் ஐந்நூற்றிருபது என்றாள். அவர் நாலு லீவர் பூட்டுக்கு இது விலையா என்றார். அவள் லீவரை எண்ணிக் காட்டினாள், ஆறு. அவர் சாவி தேய்மானம் என்றார். அவள் தேய்ந்திருப்பது உங்கள் கண் என்றாள். எதிர்க்கடை வாசலில் மீரானின் தகப்பனார் வந்து நின்று வேடிக்கை பார்த்தார். பென்சில் வெளியே வந்தது.

"நானூத்தி எம்பத்திரண்டு. இதுக்கு மேல ஒரு பைசா எறங்கினா நான் எங்க அப்பனுக்குப் பொறக்கல."

"கட்டு" என்றார் தவசிக்கனி. நெற்றியில் வேர்த்திருந்தது. சட்டைப்பையிலிருந்து எடுத்து எண்ணி வைத்தார். நானூற்றெண்பது இருந்தது. இருபது ரூபாய் டீக்குப் போயிருந்தது.

மறுபடி பையைத் துழாவினார். நடிப்பில்லை. அறுபத்தொன்பது வயதில், ஒரு கல்லாவின் முன் காசு குறைந்து நிற்பது அவருக்கு அதுதான் முதல் தடவை. காது மடல் சூடேறியது. பூட்டை மெதுவாக அவள் பக்கம் தள்ளினார். "மன்னிக்கணும் தாயீ. ரெண்டு ரூவா கொறையுது. இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினார்.

"அண்ணாச்சி."

நடையைக் கட்டுகிறவனை அவள் கூப்பிட்டதே இல்லை. அவர் திரும்பிப் பார்த்தார். அவள் பூட்டைக் காகிதத்தில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"எடுத்திட்டுப் போங்க. இம்புட்டு நேரம் தொண்டத்தண்ணி வத்தப் பேசியிருக்கிய. ரெண்டு ரூவாதான, நாளைக்கு வரும்போது தாங்க." பொட்டலத்தை நீட்டியவள், கொஞ்சம் குனிந்து குரலைத் தாழ்த்தினாள். "எங்க வீட்டுக்காரருக்குத் தெரியாண்டாம்."

"சொல்லமாட்டேன்" என்றார் தவசிக்கனி.

மறுநாள் அவர் டீ குடிக்கவில்லை. பையில் ஐந்நூறும் முழுசாக இருந்தது. கடைவாசலை எட்டுவதற்குள் அவளே தலைநிமிர்ந்து பார்த்துவிட்டாள்.

"ரெண்டு ரூவா அண்ணாச்சி வந்தாச்சே! எங்க?"

பழைய சொல் இல்லை அது. பழைய பார்வையும் இல்லை. இருந்தாலும் ஆயிரம் பேரில் ஒருவராக அல்லாமல், தனியாக அவரை, அவர் முகத்தைத்தான் அவள் பார்த்தாள்.

"மறந்து வந்துட்டேன் தாயீ. நாளைக்குத் தாரேன்."

"நாளைக்கா?" புருவம் ஏறியது. "நாளைக்கு நாளைக்குன்னு சொல்லுத ஆளு மாதிரித் தெரியுதே. சரி, நிக்காதிய, அந்த மூடை மேல உக்காருங்க."

அவர் உட்கார்ந்தார். இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார்.

கண்ணாடியைக் கழற்றியதும் மெட்டில்டா திரும்பிப் பார்த்தாள். சுவரில் கைமாற்று டேபிள் திறந்திருந்தது. "குடுத்தாச்சா மாமா? வரிய மூடிரட்டுமா?"

தவசிக்கனி எழுந்து சுவரருகே போய், பொருளாளர் கணக்கைச் சரிபார்ப்பது போல ஒவ்வொரு கட்டமாக விரல் வைத்துப் படித்தார்.

கொடுத்தவர், சொர்ணக்கிளி. வாங்கியவர், தவசிக்கனி. பற்று, இரண்டு ரூபாய். வரவு, இல்லை. பாக்கி, இரண்டு ரூபாய்.